நூற்று நாற்பத்தேழு

மேற்கு அவுஸ்திரேலியா
09.03.2024

அன்புள்ள துஷாந்தினிக்கு,

இங்கு நானும் ஈக்களும் சுகமாக இருக்கிறோம். அளவெட்டியில் நீர், மாமா, மாமி மூவரும் சுகமென்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

கலியாணம் முடிந்து இரண்டு கிழமைகூட உம்மோடு இருக்கவில்லை. விமானத்தில் ஏறி இருந்த பிறகுதான், உமக்குத் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்றுகூடத் தெரியாமல் வந்துவிட்டேனே என்று யோசித்தேன்.

போனில் கூப்பிடாமல் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இந்த நிலையத்தைச் சுற்றி வெகுதூரத்துக்குக் கைத்தொலைபேசி தடை. எங்கள் அன்ரனாக்கள் வானத்திலிருந்து வருகிற மிக மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்பவை. பக்கத்தில் ஒரு போன் இருந்தால் அவற்றின் காதுக்குள் தவில் அடித்த மாதிரி. கம்பியில் வருகிற இணையம் வேலைக்கு மட்டும். மாதத்தில் ஒருமுறை நகரத்துக்குப் போகும்போது கட்டாயம் அழைப்பேன். ஆனால் போனில் நீர் "ஓம்", "ம்", "சரி" என்பதோடு முடித்துவிடுகிறீர். கடிதத்திலாவது கொஞ்சம் கூடக் கதைப்பீர் என்று ஆசைப்படுகிறேன். கிழமைக்கொருமுறை சாமான் லொறி கடிதங்களைக் கொண்டுபோகும்.

என் வேலை என்னவென்று கலியாண வீட்டில் கேட்டீர். சனம் சூழ நின்றதால் ஒழுங்காகச் சொல்லவில்லை. வேறு உலகங்களில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால் அவர்களுக்கு என்ன செய்தி அனுப்பலாம் என்று எங்களில் ஒரு குழு எழுதிப் பார்க்கிறது. இப்போதைக்கு அனுப்பப் போவதில்லை; வரைவுதான். அதன் முதல் பாடம் என் பொறுப்பு. 2, 3, 5, 7, 11 என்று, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்களில் தொடங்குகிறேன். எந்த நட்சத்திரமும் தானாக இப்படித் தட்டாது. ரேடியோ கட்டத் தெரிந்தவர் எவராக இருந்தாலும் இந்த எண்கள் தெரிந்திருக்கும். அவர்களுக்குக் கை எத்தனை, கண் எத்தனை என்பது வேறுபடலாம். கணக்கு வேறுபடாது.

விசா மருத்துவச் சோதனைக்கு முகவர் திகதி தருவார். கொழும்புக்குப் போய்ச் செய்துவிடும்.

சீனி விவரத்தோடு பதில் போடவும்.

அன்புடன்,
வாகீசன்


அளவெட்டி
02.04.2024

அன்புள்ள வாகீசனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் நோ. அதுவும் வேலை இருக்கிற நாளில்தான் வருகிறது.

எனக்குச் சீனி ஒரு கரண்டி. உங்களுக்கு மூன்று என்று உங்கள் அம்மா, என் மாமி, சொன்னா. அது தேத்தண்ணி இல்லை, சீனிப்பாணி.

ஞாயிறுகளில் கரவெட்டிக்குப் போய் மாமியைப் பார்த்து வருகிறேன். உங்கள் வேலையைப் பற்றி அவவுக்கு விளங்கப்படுத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உவன் சின்னனிலை அயலட்டையோடையே கதைக்க மாட்டான். இப்ப வானத்தோடை கதைக்கிறானாமோ?" என்று சிரித்தா. பிறகு, "சாப்பிடுறானாமோ?" என்று கேட்டா. கடிதத்தில் அன்ரனாவைப் பற்றி இருந்தது, ஈயைப் பற்றி இருந்தது, உங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. "ஓம், வடிவாச் சாப்பிடுறாராம்" என்று பொய் சொன்னேன்.

உங்கள் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். நான் பேச்சுச் சிகிச்சை செய்கிறவள், வானம் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்னப் பிள்ளை வருகிறாள். ஒன்றிலிருந்து இருபது வரை பாட்டு மாதிரிச் சொல்லுவாள். மேசையில் நான்கு மணிகளை வைத்து எத்தனை என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். எண் சொல்வது வேறு, எண்ணுவது வேறு. இன்னொன்று. நாங்கள் ஏன் எண்ணுகிறோம்? மாங்காய் தனித்தனியாக இருக்கிறது, மாடு தனித்தனியாக நிற்கிறது, அதனால் எண்ணுகிறோம். முழுக்கத் திரவமாகவே ஒரு உலகம் இருந்து, அங்குள்ள உயிர்களும் ஒன்றோடொன்று கலந்து பிரிகிறவையாக இருந்தால்? அவர்களுக்கு "இரண்டு" என்று ஒன்று தோன்றுமா?

பிழையென்றால் சிரிக்க வேண்டாம். விளங்கப்படுத்துங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

துஷாந்தினி


மேற்கு அவுஸ்திரேலியா
24.04.2024

அன்புள்ள துஷாவுக்கு,

உம்முடைய கடிதம் லொறியில் வந்திறங்கியபோது, சமையலறைப் பெண்மணி அதைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தா. சுகமாக இருக்கிறேன். மாமியின் முழங்காலுக்குச் சித்தாலேப தைலம் தடவச் சொல்லும்.

நான் சிரிக்கவில்லை. உம்முடைய திரவ உலகத்தைக் குழுவில் சொன்னேன். அரை நாள் அதைப் பற்றியே சண்டை. என் மறுமொழி இது: கலந்து பிரிகிற உயிரென்றாலும் ரேடியோ கட்ட வேண்டுமென்றால் கம்பி வேண்டும், உலோகம் வேண்டும், அலையின் நீளத்தை அளக்க வேண்டும். அளக்கத் தொடங்கினால் எண் வந்துவிடும். வட்டம் எங்கும் வட்டம்தான். கல் எங்கும் ஒரே விதிப்படிதான் விழும். விதி ஒன்றென்றால் அதைக் கண்டுபிடிக்கிறவர்களும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்.

அதனால்தான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்தது. கரவெட்டியில் படித்த சமன்பாடு இந்தப் பாலைவனத்திலும் அப்படியே வேலை செய்கிறது. சுங்கத்தில் பெட்டியைத் திறந்து அதைப் பறிக்க முடியாது. உம்முடைய படிப்பும் அப்படித்தானே? இங்கும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வந்தவுடன் வேலை எடுக்கலாம்.

சாப்பாடு: ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு. அம்மா தந்த மாவில் ஞாயிறுகளில் புட்டு அவிக்கிறேன். கல்லாக வருகிறது. அம்மாவுக்கு நல்லாக வருகிறது என்று சொல்லும்.

மருத்துவச் சோதனைக்குத் திகதி கிடைத்ததா?

அன்புடன்,
வாகீசன்


அளவெட்டி
19.05.2024

அன்புள்ள வாகீசனுக்கு,

எல்லோரும் சுகம். வெயில்தான் தாங்க முடியவில்லை. புட்டு நல்லாக வருகிறது என்று மாமியிடம் சொன்னேன். "அவன் பொய் சொல்லுறான். மாவை வறுத்துத்தான் குடுத்தனான், ஆனா தண்ணி தெளிக்க அவனுக்குத் தெரியாது. சுடுதண்ணியிலை குழைக்கச் சொல்லு பிள்ளை" என்றா. சொல்லிவிட்டேன்.

உங்கள் கட்சிக்குச் சாட்சி ஒருவர் எனக்குக் கிடைத்திருக்கிறார். நோயாளியின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது. கனிசியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புத்துறைப் பக்கம் மீன் ஏலம் கூறுகிறவர். அவருடைய தொண்டைக்குச் சந்தை முழுவதும் அடங்குமாம். பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. ஒரேயொரு சொல் மிஞ்சியிருக்கிறது: "அப்பிடித்தான்." தேத்தண்ணி வேணுமோ என்றால் "அப்பிடித்தான்." வேண்டாமோ என்றாலும் "அப்பிடித்தான்." பெயரைக் கேட்டாலும் அதுதான்.

போன கிழமை ஒரு தாளில் 340 × 7 என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். இடது கையால் பென்சிலை வாங்கி, கோணல்மாணலாக 2380 என்று எழுதினார். இன்னும் கடினமாகக் கொடுத்தேன். எல்லாம் சரி. "மீன்" என்ற சொல்லை எழுத முடியாத மனிதர், "ஏழு" என்று சொல்ல முடியாத மனிதர், ஏழால் பெருக்குகிறார். உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பஸ் வரப் போகிறது. இத்தோடு நிறுத்துகிறேன். சுகமாக இருங்கள்.

துஷா


மேற்கு அவுஸ்திரேலியா
08.06.2024

அன்புள்ள துஷாவுக்கு,

நான் நல்ல சுகம், உம்முடைய கடிதத்தை வாசித்த பிறகு இன்னும் நல்ல சுகம். சுடுதண்ணிப் புட்டு உதிர்ந்தது! அம்மாவுக்கு என் நன்றி.

உம்முடைய கனிசியஸ் ஐயாவுக்கு நான் ஒரு மாலை போட வேண்டும். பார்த்தீரா? பேச்சு முழுதாகப் போன பிறகும் கணக்கு நிற்கிறது. அப்படியென்றால் கணக்கு மொழிக்குள் இல்லை, அதற்கும் கீழே எங்கேயோ இருக்கிறது. எங்கள் மொழி ஒன்றுமே தெரியாத ஒருவரோடு அதில் கதைக்கலாம். இதைத்தானே நான் முதல் கடிதத்திலிருந்து சொல்கிறேன்! எங்கள் குழுத் தலைவி உம்மைப் பற்றி விசாரித்தா. என் மனைவி என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சொல்லை இங்கு சொல்லிப் பார்க்க இதுவரை சந்தர்ப்பம் வரவில்லை.

சோதனைத் திகதியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. மறந்திருப்பீர். முகவரின் இலக்கம் உம்மிடம் இருக்கிறதுதானே?

மாமா, மாமிக்கு என் அன்பு.

வாகீசன்


அளவெட்டி
21.07.2024

அன்புள்ள வாகீசனுக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்க வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமிக்கு லேசான காய்ச்சல் வந்து மாறிவிட்டது. நானும் போய் இரண்டு நாள் நின்றேன்.

கனிசியஸ் ஐயாவின் மிச்சக் கதையைச் சொல்ல வேண்டும். நீங்கள் மாலை கட்டத் தொடங்கியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் அழுதா. "பிள்ளை, கணக்கெல்லாம் சரியாச் செய்யிறார் எண்டு நீங்கள் சந்தோசப்படுறியள். அந்தாளுக்குத் தண்ணி விடாயோ, தலையிடியோ, என்னிலை கோவமோ எண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லையே" என்றா. எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

அந்த நாட்களில் ஐயா ஒரு எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதத் தொடங்கினார். 147. தாளில், மேசையில், விரலால் போர்வையில். எழுதிவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார். "அப்பிடித்தான், அப்பிடித்தான்" என்று கெஞ்சுவார். மருந்தின் அளவா? தெரிந்த யாருடையதாவது போன் இலக்கத்தின் துண்டா? மீன் விலையா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்து, வகுத்தும் பார்த்தேன். மூன்று, ஏழு, ஏழு. ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் பென்சிலை எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருக்கிறா. பாட வேண்டிய பாட்டுகளின் இலக்கங்களைக் கோயில் சுவரில் ஒரு பலகையில் போடுவார்களாம். அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் பொறி தட்டியிருக்கிறது. பூசை முடிய முதலே எழும்பி, பாட்டுப் புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தா. அன்று எனக்கு லீவு. திங்கட்கிழமை எனக்கு முன்னால் திரும்பச் செய்து காட்டினா. 147ஆம் பாட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து மெல்லப் பாடினா. இரண்டாவது அடியில் ஐயா சேர்ந்துகொண்டார். வாகீசன், சொற்களோடு பாடினார்! ஒரு எழுத்துப் பிசகவில்லை. வார்டில் எல்லோரும் எழும்பி இருந்து பார்த்தார்கள். பாட்டு முடிந்தது. "இன்னொருக்காப் படிப்பமோ?" என்று மனைவி கேட்டா. "அப்பிடித்தான்" என்றார். இந்த முறை அது ஓம் என்று எல்லோருக்கும் விளங்கியது.

பேச்சு போனவர்கள் பாடுவது எங்கள் துறையில் தெரிந்த விஷயம்தான். நான் யோசிப்பது அந்த எண்ணைப் பற்றி. அதில் கணக்கே இல்லை. அது ஒரு பாட்டின் பெயர். அந்தக் கோயிலில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர். உங்கள் ஆட்கள் வானத்திலிருந்து 147 என்று அனுப்பினால் நீங்கள் எல்லோரும் அதை வகுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள், இல்லையா?

சுகத்துக்கு எழுதுங்கள்.

துஷா


மேற்கு அவுஸ்திரேலியா
15.09.2024

அன்புள்ள துஷாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீரும் சுகமாக இருக்க வேண்டும்.

இரண்டு தரம் பதில் எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். 147ஐக் குழுவில் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் என்ன அனுப்புவது என்றே இவ்வளவு காலமும் யோசித்திருக்கிறோம். அவர்கள் அனுப்புவதை எப்படிக் கேட்பது என்று யோசிக்கவேயில்லை.

நகரத்துக்குப் போய் உம்மை அழைத்தபோது, மழையில்லை என்றீர், மாமி சுகம் என்றீர். நானும் வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு முதல்நாள் முகவர் எழுதியிருந்தார்.

என்னிடம் ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது, வேலையை இன்னும் மூன்று வருடம் நீடிக்க. அதை மேசையில் வைத்திருக்கிறேன்.

உமக்கு எப்போது எழுத வேண்டும் போல் இருக்கிறதோ அப்போது எழுதும். அவசரமில்லை.

வாகீசன்


அளவெட்டி
03.10.2024

அன்புள்ள வாகீசனுக்கு,

உடம்பு சுகம். மனதுதான் உங்கள் கடிதம் வந்த நாள் முதல் சுகமில்லை. "அவசரமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

முகவர் எழுதியது உண்மை. சோதனைக்கு இரண்டு தரம் திகதி தந்தார். இரண்டு தரமும் நான் போகவில்லை. உங்களைப் பிடிக்காமல் இல்லை. இதைக் கைப்பட எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: லொறி நாள் எதுவென்று கணக்குப் பார்த்துத் தபால்காரரை வாசலில் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான்.

உங்கள் படிப்பைச் சுங்கத்தில் பறிக்க முடியாது என்று எழுதினீர்கள். என்னுடையதைப் பறிக்கலாம். எங்களுக்கு வருகிற பயிற்சி அட்டைகளில் "வருகிறேன்" என்று அச்சடித்திருக்கும். ஒரு விவசாயி பாரிசவாதத்துக்குப் பிறகு முதன்முதலில் சொன்ன சொல் "வாறன்." அதில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் எங்கே குறைந்தது, நாக்கு எங்கே தடுக்குப்பட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இங்கிலிசில் ஒருவர் தடுமாறினால் அது நோயா, அவருடைய ஊர்ப் பேச்சா என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே நான் பேச்சுச் சிகிச்சை செய்கிறவளாக இருக்க மாட்டேன். "அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டு இருப்பேன்.

வர மாட்டேன் என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்கிறேன். இதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு மாதம் எடுத்தது.

மாமிக்கு இது ஒன்றும் தெரியாது.

துஷா


மேற்கு அவுஸ்திரேலியா
25.10.2024

என் அன்புள்ள துஷா,

நான் சுகம். நீர் அழாமல் இதை வாசிக்க வேண்டும்.

உம்முடைய படிப்பும் என்னுடையது மாதிரித்தானே என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்! வானத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பக்கம் பக்கமாக யோசிக்கிறவன், உம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குடியேறும் விசாவை மறந்துவிடும். விருந்தாளியாக வந்து கொஞ்சக் காலம் நின்று பாரும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம்; நான் முகம் சுழிக்க மாட்டேன். அதுவரை நீடிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

கணக்கு எல்லா உலகத்துக்கும் பொது என்று இன்னும் நம்புகிறேன். அதை விட மாட்டேன். ஆனால் அது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதுதான் இப்போது தெரியவில்லை.

வரும்போது மிளகாய்த்தூள் கொண்டுவாரும். வேறொன்றும் வேண்டாம்.

உம்முடைய,
வாகீசன்


மேற்கு அவுஸ்திரேலியா
16.02.2025

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் காய்ச்சல், இருமல் ஒன்றும் திரும்பி வராமல் இருக்க வேண்டும். சம்பளமில்லா லீவு எடுத்து வந்தேன். அது முடிய இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. நீங்கள் தந்துவிட்ட பலகாரத்தைச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்தார்கள். மிளகாய்த்தூளை மணந்து பார்த்த பிள்ளை தும்மித் தும்மி என்னைப் போகச் சொல்லிவிட்டா.

இங்கு எல்லாம் சிவப்பு மண். அன்ரனாக்கள் நிலத்தில் கால் பரப்பி நிற்கிற சிலந்திகள் மாதிரி. நல்ல சனம், மாமி. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர்கள் கதைப்பது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. நான் பயந்தபடியே "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டு இருந்தேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். உங்கள் மகனும் அங்கே கதைப்பதில்லை. வேலைக் கதை என்றால் பலகையில் எழுதி எழுதி விளங்கப்படுத்துகிறார். எல்லோரும் மரியாதையாகக் கேட்கிறார்கள். வேலை முடிந்து பகிடிகள் தொடங்கினால் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். இவ்வளவு காலமும் கடிதங்களில் இதை ஒரு வரி எழுதவில்லை. நானும் என் பயத்தைப் பற்றியே எழுதினேன், அவரைக் கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் வானத்தின் சத்தத்தைக் கேட்கிறீரா என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரிச் சத்தம். "ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன். "இதுவரைக்கும் இல்லை" என்றார். நான் அதைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்களுக்கு இஞ்சை சுகமோ?" என்று கேட்டேன். "ஓம், சுகம்" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, மாமி. ஒருவர் சொல்லைத் தேடும்போது நாங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது எங்கள் சொல்லாகிவிடும். முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அதற்கு இங்கிலிஸ் தேவையில்லை, தமிழும் தேவையில்லை. நான் இருந்தேன். அவர் ஒரு வயரை எடுத்துச் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். வெயில் சாய்ந்து மேசைக்கு வந்துவிட்டது.

"இஞ்சை எனக்கு எல்லாம் விளங்குது, துஷா," என்றார் கடைசியில். "என்னைத்தான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஒரு சொல் இருக்கிறதென்று தெரிந்தது. வெகுநேரம் கழித்து அது வந்தது.

"வீட்டை போவம்."

இன்று காலை நீடிப்புப் பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கு வந்து என்ன வேலை என்று இன்னும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் கேட்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவருக்கு அந்தப் பயம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் இரவு நல்ல நித்திரை கொண்டார்.

பங்குனி முடிய முதல் வந்துவிடுவோம். வந்தவுடன் ஏன் வந்தாய், என்ன நடந்தது என்று ஒன்றும் கேட்க வேண்டாம், மாமி. பக்கத்தில் இருங்கள். அவரே சொல்லுவார்.

உங்கள் மகள்,
துஷா